அந்த வாக்கியத்தில் பெற்றோர் இல்லை

"விருந்துக்கு வந்தவள் நம் வீட்டில் பிள்ளை பெற்றுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பங்கு கொடுப்போமா?"

அமெரிக்கக் குடியுரிமையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவரின் பேரன் பல நேரங்களில் டாலஸிலோ எடிசனிலோ பிறந்தவனாக இருப்பான். மகன் அப்போது எச்-1பி விசாவில் இருந்திருப்பான். அதை எடுத்துச் சொன்னால், "அது வேற சார், இவன் முறைப்படி போனவன்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கேள்வி. வீட்டில் பங்கு என்பது பூர்வீகச் சொத்து. தாத்தா சம்பாதித்தது அப்பாவுக்கு, அப்பா வைத்தது பிள்ளைக்கு. நாட்டையும் அப்படி ஒரு பூர்வீக வீடாக நினைத்துக்கொண்டால் குடிமக்கள் பங்காளிகள் ஆகிவிடுவார்கள். மற்ற எல்லோரும் திண்ணையோடு நிற்க வேண்டியவர்கள். யார் திண்ணையோடு, யார் கூடம் வரை என்பதைப் பிறந்த குலத்தை வைத்துத் தீர்மானித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். இந்த உவமை நம் வாயில் இவ்வளவு சுலபமாக வருவதற்கு அந்தப் பழக்கமும் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

போகட்டும். இது உவமையால் தீரும் வழக்கு இல்லை. எழுதி வைத்த ஒரு வாக்கியத்தைப் பற்றிய வழக்கு. 1868 ஜூலையில் நிறைவேறிய பதினான்காம் திருத்தத்தின் முதல் வாக்கியம் சொல்வது இது: அமெரிக்காவில் பிறந்த அல்லது அங்கே குடியுரிமை வழங்கப்பெற்ற, அந்நாட்டின் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லா நபர்களும் அமெரிக்காவின் குடிமக்கள், தாம் வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும்கூட. அப்பா யார், அம்மா யார், எந்தக் கப்பலில் வந்தார்கள், கையில் என்ன காகிதம் வைத்திருந்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டொனால்டு டிரம்ப் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை அந்த வாக்கியத்துக்குள் பெற்றோரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. தாய் அனுமதியின்றித் தங்கியிருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. தாய் முறைப்படி வந்திருந்தாலும் அது தற்காலிக அனுமதி என்றால், தந்தை குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லை என்றால், அப்போதும் இல்லை. மூன்றே நாளில் சியாட்டிலில் நீதிபதி ஜான் கோகனோர், அப்பட்டமாக அரசமைப்புக்கு முரணானது என்று சொல்லி ஆணையை நிறுத்தினார். அவர் ரீகன் நியமித்த நீதிபதி. ஜூனில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்கும் தடை விதிக்கும் வழக்கத்தைச் சுருக்கியது. ஆணை செல்லுமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. அதை ஆணைக்குக் கிடைத்த ஒப்புதல் என்று புரிந்துகொண்டவர்கள் நிறைய. ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயரில் குழந்தைகள் சார்பாகத் தொடுத்த கூட்டு வழக்கில் ஆணை மறுபடி நின்றது. டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அசல் கேள்வியை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தீர்ப்பை ஆரூடம் சொல்ல நான் உட்காரவில்லை. தீர்ப்புக்குக் காத்திராமல் படித்தவர்கள் நடுவே பரவிவிட்ட ஒரு கருத்தோடுதான் எனக்கு வழக்கு. "அந்தத் திருத்தம் விடுதலையான அடிமைகளுக்காக எழுதியது. வெளிநாட்டுக்காரன் பிள்ளையை அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நினைத்துப் பார்த்தார்கள். அதற்காகச் சண்டையே போட்டார்கள். எல்லாம் அச்சில் இருக்கிறது.

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் எவரும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது என்று தலைமை நீதிபதி டேனி எழுதினார். அந்தத் தீர்ப்பைப் புதைக்கத்தான் உள்நாட்டுப் போருக்குப் பின் 1866இல் குடிசார் உரிமைகள் சட்டம் ஒன்று வந்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதற்கு ஒப்புதல் மறுத்தார். மறுத்து எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? இந்தச் சட்டம் பசிபிக் கரையோரச் சீனர்களையும் ஜிப்சிகளையும் உள்ளே சேர்த்துவிடும் என்பது. காங்கிரஸ் அந்த மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதே ஆண்டு மே 30ஆம் தேதி செனட்டில் திருத்தத்தின் மீது விவாதம். பென்சில்வேனியாவின் எட்கர் கௌவன் எழுந்தார். கலிபோர்னியாவில் சீனனுக்குப் பிறக்கும் குழந்தை குடிமகனா? என் மாநிலத்தில் ஜிப்சிக்குப் பிறக்கும் குழந்தை குடிமகனா? அவர்கள் நிலம் வைத்திருப்பதில்லை, வரி கட்டுவதில்லை, போகுமிடமெல்லாம் அத்துமீறி நுழைந்து தங்குகிறார்கள், நமக்கு விசுவாசமும் இல்லை என்று அடுக்கினார். இன்றைக்குத் தொலைக்காட்சியில் கேட்கும் எந்த வாதமும் அவர் பட்டியலில் விட்டுப்போகவில்லை. பதில் சொன்னவர் கலிபோர்னியாவின் ஜான் கானஸ். அயர்லாந்தில் பிறந்து சிறுவயதில் வந்தவர், அதாவது அவரே குடியேறி. கலிபோர்னியாவில் பிறக்கும் பிள்ளைகள் எந்தப் பெற்றோருக்குப் பிறந்தாலும் குடிமக்களே, சீனர் பிள்ளைகளும் அதில் அடக்கம், அதைத்தான் இந்த வாசகம் செய்கிறது, அதற்குத்தான் என் வாக்கு என்றார். "ஐயா, நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள், சீனர் பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள்" என்று கௌவனை ஆற்றுப்படுத்த ஒரு ஆதரவாளரும் எழவில்லை. எதிர்த்தவரும் ஆதரித்தவரும் வாசகத்துக்கு ஒரே பொருளைத்தான் கொண்டார்கள். ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, மற்றவருக்குப் பிடித்தது.

தற்காலிகமாக வந்து தங்கியவரின் பிள்ளை? அந்தக் கேள்வியும் புதிதில்லை. ஒரு வாரம் முன்பே செனட்டர் ஃபெசென்டன் இதைத்தான் கேட்டார்: கொஞ்ச காலத்துக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிள்ளை பிறந்தால்? ஒஹையோவின் பென் வேட் சொன்ன பதிலில் விலக்கு ஒன்றே ஒன்றுதான்: வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள்.

சரி, "அதிகார வரம்புக்கு உட்பட்ட" என்ற சொற்கள் சும்மாவா இருக்கின்றன? இதுதான் எதிர்த்தரப்பின் கூர்மையான வாதம். இதைத் தாண்டிப் போய்விட்டு வென்றதாகச் சொல்ல முடியாது. உட்பட்ட என்றால் முழு விசுவாசம் என்று பொருள், வேறொரு நாட்டுக்கு விசுவாசம் உள்ளவரின் பிள்ளை வரம்புக்குள் வராது என்கிறார்கள். அதற்கு ஆதாரம், செனட் நீதிக்குழுத் தலைவர் லைமன் டிரம்புல் அன்று சொன்ன விளக்கம்: வேறு யாருக்கும் விசுவாசம் இல்லாதவர் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எதைப் பற்றிப் பேசும்போது? செவ்விந்தியக் குழுக்களைப் பற்றி. நவாஹோ குழுவைச் சேர்ந்த ஒருவர் மேல் நம் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா, அவர்கள் தகராறை நாம் தீர்க்கிறோமா, அவர்களோடு ஒப்பந்தமல்லவா போட்டுக்கொள்கிறோம் என்று அதே பேச்சில் கேட்டார். அவர் கையில் வைத்திருந்த அளவுகோல் மனதிலுள்ள பற்று இல்லை. இந்த மனிதன் மேல் நம் சட்டம் செல்லுமா என்பது.

தூதர் மேல் செல்லாது. படையெடுத்து வந்து ஊரைப் பிடித்துவைத்திருக்கும் எதிரிப் படை மேல் செல்லாது. அன்றைய நிலையில் தன்னாட்சி பெற்ற செவ்விந்தியக் குழு மேலும் செல்லாது. வேலைக்கு வந்தவர் மேல்? படிக்க வந்தவர் மேல்? விசா முடிந்தும் தங்கிவிட்டவர் மேல்? சிவப்பு விளக்கில் நிற்காமல் போனால் அபராதம், திருடினால் சிறை, சம்பாதித்தால் வரி. அனுமதியின்றி இருந்தால் பிடித்து நாடு கடத்துவதும் அதே அதிகார வரம்பைக் கொண்டுதான். கைவிலங்கு மாட்டும்போது வரம்புக்குள் இருப்பவர், குழந்தையின் பெயரை எழுதும்போது வரம்புக்கு வெளியே போய்விடுவாரா? 1812இலேயே தலைமை நீதிபதி மார்ஷல் ஒரு கப்பல் வழக்கில் இதைச் சொல்லிவிட்டார்: பிற நாட்டார் ஊர் மக்களோடு கலந்து வாழும்போது அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லையென்றால் சமூகத்துக்கே ஆபத்து என்று.

1884இல் ஜான் எல்க் என்பவரின் வழக்கு. செவ்விந்தியக் குழுவில் பிறந்து, குழுவை விட்டு ஒமாஹா நகரில் குடியேறி, வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டவர். உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பை இன்று எதிர்த்தரப்பு தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறது: பார்த்தீர்களா, மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது! அதை எழுதியவர் நீதிபதி ஹொரேஸ் கிரே. பதினான்கு ஆண்டு கழித்து, சீனப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வோங் கிம் ஆர்க்கின் வழக்கில், அவர் குடிமகன்தான் என்று எழுதியவரும் அதே கிரே. தான் எழுதியது எதுவரை செல்லும் என்று அவருக்குத் தெரியாது, நூற்றிருபது ஆண்டுக்கு மேல் கழித்துப் படிக்கும் நமக்குத்தான் தெரியும் என்று சொல்வதற்கு நிறைய துணிச்சல் வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1873இல் ஒரு தீர்ப்பில், வழக்குக்குத் தேவையில்லாமல், வெளிநாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளும் விலக்கு என்று போகிற போக்கில் ஒரு வரி உண்டு. அதையும் கிரே எடுத்துப் பார்த்து, கவனமின்றி எழுதியது என்று தள்ளினார்.

வோங் கிம் ஆர்க் சமையல்காரர். சான் பிரான்சிஸ்கோவின் சாக்ரமென்டோ தெருவில் பிறந்தவர். பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள். அவர்கள் நினைத்தாலும் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாதபடி சட்டம் இருந்தது. 1890 வாக்கில் அவர்கள் சீனாவுக்கே திரும்பிவிட்டார்கள். 1895 ஆகஸ்டில் சீனா போய்விட்டு "காப்டிக்" கப்பலில் வந்த மகனைச் சுங்க அதிகாரி கரையிறங்க விடவில்லை. சீனர் விலக்குச் சட்டம் அமலில் இருந்த காலம். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றி மாற்றி, பிறந்த ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மாதக்கணக்கில் கடலிலேயே வைத்திருந்தார்கள். 1898 மார்ச் 28 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இரண்டே ஆண்டு முன்புதான் அதே நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் ரயில் பெட்டியில் இன ஒதுக்கலைச் செல்லும் என்றது. இரக்கத்தில் வழிந்து சலுகை கொடுத்த நீதிமன்றம் என்று யாரும் அதைப் பழிக்க முடியாது.

"அவர் பெற்றோர் நிரந்தரமாக, முறைப்படி குடியிருந்தவர்கள். அதனால் அந்தத் தீர்ப்பு அவ்வளவுக்குத்தான்" என்பது அடுத்த பிடி. தீர்ப்பில் குடியிருப்பு என்ற சொல் வருகிறது, மறுக்கவில்லை. அது வழக்கின் விவரம். தீர்ப்பின் காரணம், பிறந்த மண்ணின் ஆட்சிக்கு உட்பட்டவர் யார் என்ற பழைய பொதுச்சட்ட விதி. அந்த விதிக்கு கிரே எடுத்துக்காட்டிய முன்வழக்குகளில் ஒன்று நியூயார்க்கில் 1844இல் தீர்ந்தது. அயர்லாந்திலிருந்து கொஞ்ச காலம் தங்க வந்த தம்பதிக்குப் பிறந்த பெண் குழந்தை. பிறந்த ஆண்டே பெற்றோரோடு அயர்லாந்துக்குப் போய்விட்டது. அவளும் அமெரிக்கக் குடிமகள்தான் என்று தீர்ப்பு.

"1868இல் சட்டவிரோதக் குடியேற்றமே கிடையாது, அதனால் அதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை" என்ற வாதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது தன் காலையே வாரிவிடுகிறது. 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். ஆனாலும் கடத்தி வந்துகொண்டேதான் இருந்தார்கள். 1860இல் "குளோட்டில்டா" என்ற கப்பல் அலபாமாவின் மொபீல் நகருக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடத்தி வந்தது. குற்றத்தின் தடயம் தெரியாமலிருக்கக் கப்பலைக் கொளுத்தினார்கள். வந்தவர்களின் வருகை சட்டவிரோதம். அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை என்பது வேறு. பெற்றோரின் வருகை முறைகேடு என்றால் பிள்ளை வரம்புக்குள் வராது என்பது விதியானால், இப்படிக் கடத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் வரமாட்டார்கள். அடிமைகளின் பிள்ளைகளுக்காகவே எழுதியது என்று இவர்களே ஒப்புக்கொள்ளும் திருத்தம் அடிமைகளின் பிள்ளைகளில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிடும். அப்படி யாரும் அன்று படிக்கவில்லை. எந்தப் பிள்ளையின் தாய் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தாள் என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்காமலிருப்பதற்காகத்தான் அந்த வாக்கியம்.

இப்போது "முறைப்படி போனவன்" விஷயம். ஆணையின் இரண்டாம் பிரிவு சொல்வதே முறைப்படி போனவர்களைத்தான். எச்-1பி தற்காலிக அனுமதி. ஒரு நாட்டவருக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்பதால் இந்தியர்களின் வரிசை பத்து, பதினைந்து ஆண்டைத் தாண்டியும் நகராமல் நிற்கிறது. வீடு வாங்கி, வரி கட்டி, முதல் பிள்ளையை நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவரும் காகிதத்தில் "தற்காலிகம்". இரண்டாவது பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளை என்ன? இந்தியக் குடியுரிமை தானாக வந்துவிடாது. ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும், தவறினால் தில்லியின் அனுமதி வேண்டும். சட்டவிரோதக் குடியேறிகளை அடிக்கும் கம்பு என்று நினைத்துக் கைதட்டுபவர்கள், அது எவ்வளவு தூரம் சுழல்கிறது என்று பார்க்கவில்லை. அவர்கள் பிள்ளைக்கும் இது பொருந்துகிறது என்பதால் மட்டும் இது தவறு என்று நான் சொல்லவரவில்லை. மெக்சிகோக்காரர் பிள்ளைக்கு மட்டும் பொருந்தியிருந்தாலும் இது தவறுதான்.

கடைசியாக, "மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்பதை உலகமே கைவிட்டுவிட்டது". உலகமே இல்லை, கனடா, மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா என்று அமெரிக்கக் கண்டங்களில் பெரும்பாலான நாடுகளில் இன்றும் உண்டு. கைவிட்டவர்களும் முறையாகக் கைவிட்டார்கள்: பிரிட்டன் நாடாளுமன்றச் சட்டத்தால், அயர்லாந்து 2004இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அரசமைப்பைத் திருத்தி. ஒரு கையெழுத்தால் யாரும் செய்யவில்லை. டொமினிகன் குடியரசு வேறு வழியில் போனது. "இடைவழியில் இருப்பவர்" பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று அதன் அரசமைப்பில் ஒரு விலக்கு இருந்தது. நாட்டைக் கடந்து போகும் பயணிகளைப் பற்றியது. 2013இல் அதன் அரசமைப்பு நீதிமன்றம், ஆவணமற்ற ஹெய்ட்டித் தொழிலாளர் எல்லோரும் "இடைவழியில்" இருப்பவர்களே என்று படித்து, அதை 1929 வரை பின்னுக்குக் கொண்டுபோனது. கரும்புத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இடைவழியில் நிற்பவர்கள்! வரம்பு என்ற சொல்லை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இல்லை, தெரியும். நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் வாக்கியத்தில் பெற்றோர் இருந்தார்கள். பாட்டனும் பூட்டனும்கூட இருந்தார்கள். அந்தத் தீவில் பிறந்திருந்தால் போதாது. அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்து கொழுந்து பறித்தவளிடம் போய்ப் பாட்டன் பிறந்த சான்றிதழைக் கேட்டார்கள். மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது. சட்டத்தில் இந்தியத் தமிழர் என்ற பெயரே இல்லையே, பாகுபாடு எங்கே என்று 1953இல் கைவிரித்துவிட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது நாடற்றவர் தொகை 9,75,000. 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம் என்று பாகம் பிரித்தார்கள். வீட்டுப் பங்கு உவமையை நாடாக்கினால் இப்படித்தான் இருக்கும்.

இந்தியா தொடக்கத்தில் வேறு மாதிரி யோசித்தது. 1947 ஏப்ரலில் அரசமைப்பு அவையில் இதே ஆட்சேபம் வந்தபோது வல்லபாய் படேல் கேட்டது எளிய கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியர்களுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கேட்கும் நாம், இங்கே மட்டும் குறுகிய நோக்கோடு நடப்பது சரியா? 1955 சட்டத்தில் இந்திய மண்ணில் பிறந்தால் போதும் என்றிருந்தது. 1987 ஜூலை முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பரிலிருந்து மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. இதன் பொருள் இலங்கை அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமில் தெரியும். 1986இல் அங்கே பிறந்த ஒரு பெண்ணைப் பிறப்பால் இந்தியர் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த வரிசையில், 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்? அதே பள்ளி, அதே ரேஷன் கடை, அதே பேச்சு. அவர் அயல்நாட்டார். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள்; உள்ளே பிறந்தவருக்கு நாடு மாறவில்லை.

வோங் கிம் ஆர்க் கதையைச் சொல்பவர்கள் 1898 தீர்ப்போடு நிறுத்திவிடுவார்கள். பிறகு நடந்ததும் உண்டு. 1901இல் டெக்சாஸின் எல் பாசோவில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் குடிமகன் என்று பெயர் சொல்லி அறிவித்த அதே மனிதரைச் சீனர் என்று கைது செய்தார்கள். 300 டாலர் பிணை கட்டி, மாதக்கணக்கில் அலைந்துதான் வெளியே வந்தார். 1910இல் அவருடைய மூத்த மகன் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கினான். சீனாவில் பிறந்தவன்; அவன் கேட்டது மண்ணின் உரிமையை அல்ல, அமெரிக்கக் குடிமகனின் மகன் என்ற ரத்த உரிமையை. அந்த நாட்களில் அப்பாவையும் பிள்ளையையும் தனித்தனியே உட்கார வைத்து ஊர், வீடு, அக்கம்பக்கம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பிறகு இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். இருவர் பதிலும் பொருந்தவில்லை என்று எழுதி, பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.